துப்பச் சொல்லும் ஒயின்

மெக்சிகோவின் மேற்குக் கரையில் எங்கள் சரக்குக் கப்பல் நிற்கிறது. மாலைவரை வெளியே போக அனுமதி. வேன் பிடித்துத் திராட்சைப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்கிறோம். மொட்டைப் பாறை மலைகள், அடிவாரத்தில் மட்டும் பச்சைக் கொடிகள். திரும்பக் கப்பலேறும்போது ஊதச் சொல்வார்கள். குடித்தது தெரிந்தால் வேலை போய்விடும்.

ஒயின் ஆலையில் ஊற்றிக் கொடுக்கும் பெரியவர் ஒரு வாளியைக் காட்டுகிறார். “ருசி பார், துப்பிவிடு” என்கிறார் அரைகுறை ஆங்கிலத்தில்.

கூட வந்த காத்திவாக்கம் தேசிங்கு என் சட்டையை இழுக்கிறான். “இன்னா மாமு, துப்பறதுக்கு எவனாச்சும் ஊத்துவானா? கேப்டன் வெச்ச ஆளுடா இவன்.”

எங்கள் திருவொற்றியூர் ஒயின் ஷாப்பில் பிராந்திதான் கிடைக்கும். ஒயினை நான் பார்த்ததே இல்லை. ஒரு வாய் வாங்குகிறேன். புளிக்கிறது. துப்புகிறேன்.

“முழுங்கிட்டியா? நாக்க நீட்டு.”

நீட்டுகிறேன்.

“கருப்பா கீது.”

“நாவப்பழம் துன்னேன்னு சொல்லிக்கறேன்.”

“மெக்சிகோவுல ஏதுடா நாவப்பழம்?”

பெரியவர் சிரித்தபடி தன் நாக்கையும் நீட்டுகிறார். அதுவும் கறுப்பு. தேசிங்கு சிரிக்கவில்லை.

“கப்பல் ஏற சொல்ல என்னாண்ட நிக்காத. நீ யாரோ, நான் யாரோ.”