நெட்டையன் சட்டை

என் ஓரகத்தியைத் தெருவில் எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்கும் டேப்பை அவள் கழுத்திலிருந்து கழற்றி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் தொங்கும். ஒருமுறை டீயில் நனைந்ததைப் பிழிந்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள், அவள் மூத்தவள். வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் இரண்டு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, பழைய துணியைப் பிரித்துத் தைப்பது, சுருக்குவது, ஜிப் மாற்றுவது என்று பிழைக்கிறோம். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். அவளுக்கு வராது. அதனால் துணி கொடுக்க வருகிறவர்களிடம் சண்டை போடுவது என் வேலை, கத்தரி பிடிப்பது அவள் வேலை என்று வைத்துக்கொண்டோம்.

வெட்டுவதற்கு முன்னால் துணிக்கு அடியில் உள்ளங்கையை விட்டு ஒருமுறை தடவுவாள். ஏதாவது மடிந்து கிடந்தால் கைக்குத் தட்டும். நான் மறந்தால் திட்டமாட்டாள். என் கையைப் பிடித்துத் துணிக்கு அடியில் தள்ளுவாள்.

அவளுக்கு ஒரே மகன். நெட்டையன் என்போம். அந்த அறைக்குள் குனிந்துதான் வருவான், அங்கேதான் படுத்துக்கொள்வான், கால் மிஷினுக்கு அடியில் போய்விடும். ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த நீலச் சட்டையின் கை அவனுக்கு எட்டவில்லை. மணிக்கட்டு மடிப்பைப் பிரித்து அவள்தான் நீட்டிக் கொடுத்தாள். "மில்லுக்காரன் குள்ளனுங்களுக்குன்னே தச்சு வச்சிருக்கான்மா," என்று சிரித்தான். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொதிகலன் வெடித்து, ஆலைச் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊதியது. போட்டிருந்த சட்டை அவனோடு போயிற்று. முதல் நாள் கழற்றி மாட்டிய இன்னொரு சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, துவைக்காமல்.

அதை அவள் துவைக்கவே இல்லை. பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி அதே ஆணியில் மாட்டினாள். எப்போதாவது பையின் வாயைப் பிரித்து முகத்தை உள்ளே வைப்பாள். உடனே கட்டிவிடுவாள், தீர்ந்துபோகும் என்று பயந்த மாதிரி. மிஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை அது. அவள் புருஷன் பார்த்தும் பார்க்காதவர் போல வெளியே போய்விடுவார். அன்றிலிருந்து தினமும் சங்கு ஊதும் நேரத்தில் அவள் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். சங்கு ஓய்ந்த பிறகுதான் எடுப்பாள்.

இப்படி இருக்கையில் ஓர் அம்மா வந்தாள். அதே ஆலையில் ஆயுள் முழுக்க உழைத்துச் செத்துப்போன ஒருவரின் மனைவி. புருஷனின் நீலச் சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து, முழுகாமல் இருக்கும் தன் மகளுக்கு ஒட்டுப் போர்வையாகத் தைத்துத் தரச் சொன்னாள். துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைகள்.

"வேணாங்க்கா, திருப்பி அனுப்பிடறேன்," என்று நான் காதோடு சொன்னேன்.

"துணிதானேடி," என்று வாங்கிக்கொண்டாள்.

சதுரம் சதுரமாக வெட்டி இணைத்தாள். நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டாள். மிச்சத் துணுக்கையெல்லாம் அந்த அம்மா பொறுக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டாள். கரித்துணியாக யார் கைக்கும் போய்விடக் கூடாதாம்.

ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பஞ்சையும் வெள்ளைத் துணியையும் வெட்டிவிட்டுப் பட்டி வைத்தால் வேலை முடிந்தது. கடைசிப் பக்கம் வெட்டும்போது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சங்குக்கு நேரமாகிவிட்டது. ஊதுவதற்குள் முடித்துவிடலாம் என்று கத்தரியை வேகமாக ஓட்டினாள். கையை அடியில் விடவில்லை. போர்வையின் மூலை உள்ளே மடிந்து கிடந்தது. சங்கு ஊதியது, கத்தரியைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் பார்த்தோம். மூலைச் சதுரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. அதிலிருந்து வெட்டுப்பட்ட நீலத் துணுக்கு ஒன்று தரையில் கிடந்தது, பாதி நைந்துபோய்.

நான் அந்தத் துணுக்கைப் பொறுக்கி வெட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். அவள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இழை ஓட்டிச் சேக்க முடியாதாக்கா?"

"துணியே போயிடுச்சு. ஒட்டுதான் போடணும்."

"பச்சைத் துணியில ஒரு இலை வெட்டி மேல வச்சுத் தச்சுடு. அழகுக்கு வச்சோம்னு நான் சொல்லிக்கறேன்."

"அந்தம்மா கேட்டது புருஷன் சட்டையை. இலையை இல்ல."

அந்த நீலத்துக்கு எங்கே போவது? ஆலை தன் ஆட்களுக்கென்று தானே நெய்த துணி, கடையில் கிடைக்காது. வெடிப்புக்குப் பிறகு ஆலை கைமாறி, பழைய சட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு சாம்பல் நிறத்தில் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஆணியில் தொங்கிய பை ஒன்றுதான். அவள் அதையே பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சட்டையின் முதுகில், பேன்ட்டுக்குள் செருகும் வால் பக்கம் எடுத்தால் போதும். ஆனால் நெட்டையன் சட்டை புதுசு, நீலம் அடர்த்தி. அப்படியே வைத்தால் பிளாஸ்திரி போட்ட மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். சாயம் இறங்க வெந்நீரில் போட்டுத் தேய்க்க வேண்டும். வெட்டிய சின்னத் துண்டைத் தேய்த்தால் கோணும், பிசிறும். சட்டையோடு இருக்கும்போதே வெளுக்கவைத்துப் பிறகுதான் வெட்ட வேண்டும்.

"முழுசா நனைக்க மாட்டேன்," என்றாள். "வாசனையெல்லாம் காலர்லயும் அக்குள்லயும்தானே இருக்கு. மேல்பாதியைப் பையில கட்டிட்டு வாலை மட்டும் முக்கறேன்."

அப்படியே செய்தாள். மேல்பாதியைப் பைக்குள் விட்டு இறுக்கிக் கட்டி, வாலை மட்டும் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தாள். வெயிலில் காயவைத்தாள், மறுபடி தேய்த்தாள். நாள்கணக்கில் இதே வேலை. கட்டை மட்டும் அவிழ்க்கவே இல்லை. காற்றுப் பட்டால் வாசனை போய்விடுமாம். நிறம் மெல்ல இறங்கியது. ஒருநாள் போர்வையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவன் போன பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்போடுதான் பையைப் பிரித்தாள்.

ஈரம் உள்ளே ஏறியிருந்தது. பை அதை வெளியே விடவில்லை. காலரெல்லாம் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. நனைந்த சாக்கின் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

அவள் முகத்தை உள்ளே வைத்தாள். இந்தமுறை உடனே எடுக்கவில்லை. காலர், அக்குள், கை மடிப்பு என்று ஒவ்வோர் இடமாகத் தேடினாள். நான்தான் சத்தம் போட்டு அழுதேன். அவள் அழவில்லை. விட்டால் பூஞ்சை துணியையே தின்றுவிடும் என்று சட்டை முழுவதையும் வாளியில் போட்டாள்.

வெளுத்த துண்டை வெட்டி அவள் போட்ட ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "வாயைத் திறக்காதக்கா, யாருக்கும் தெரியாது," என்று கெஞ்சினேன். கேட்கிற ஆளா? அந்த அம்மா வந்து போர்வையை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தபோது மூலையை விரித்துக் காட்டினாள்.

"இந்த இடத்துல கை தவறி வெட்டிட்டேன்மா. இந்தத் துண்டு உங்க வீட்டுக்காரர் சட்டை இல்ல. என் பையனோடது. அவனும் அதே மில்லுதான்."

அந்த அம்மா கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "அந்த வெடிப்புல போன பையனா?"

"ஆமா."

"தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணு பிள்ளைத்தாச்சி. அவராவது அவளுக்கு அப்பா. இது யாரோ. எடுத்துடுங்க. பூவோ இலையோ ஏதாவது வைங்க, போதும்."

யாரோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை என் வேலைதானே, வாயைத் திறந்தேன். டேப்பக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள், துணிக்கு அடியில் தள்ளும்போது பிடிக்கிற அதே பிடி. "சரிம்மா, பிரிச்சுடறேன்," என்றாள்.

அந்த அம்மா உட்கார்ந்திருக்கும்போதே நூலை அறுத்துத் துண்டைப் பிரித்தாள். பச்சைத் துணியில் ஓர் இலை வெட்டி வைத்துத் தைத்தாள். "அழகா இருக்கே, முதல்லயே இப்படி வச்சிருக்கலாமே," என்றாள் அந்த அம்மா. மனசாரத்தான் சொன்னாள். என்னால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

அவள் போன பிறகு டேப்பக்கா அந்த நீலத் துண்டை எடுத்து, நெட்டையன் சட்டையின் முதுகில் வெட்டிய இடத்திலேயே வைத்து, இழையோடு இழை சேர்த்துத் தைத்தாள். போர்வைக்குப் போட்டதைவிடப் பொடித் தையல். முடித்ததும் சட்டையை என்னிடம் நீட்டினாள்.

"மோந்து பாரு. எனக்குத்தான் தெரியலையோ என்னவோ."

காலரில் முகத்தை வைத்தேன். சோப்பு. வேறு எதுவுமே இல்லை.

"லேசா இருக்குக்கா," என்றேன்.

"என்ன வாசனை?"

மிஷின் எண்ணெய் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஊரையே வாயால் அடிக்கிறவள் நான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் சட்டையை வாங்கி உதறி ஆணியில் மாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"இனிமே பை எதுக்கு?" என்றாள்.