பண்ணைக்குட்டைத் தார்ப்பாயில் சுற்றிய பாய்லர்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்காரர் செபஸ்தியான், அவர் மனைவி சேசம்மாள், பழைய இரும்பு எடுக்கும் காதர் பாய், கீசர் மாட்டப் போன நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். எங்கள் சூப்பர்வைசர் பழநிக்கு மொட்டை போடப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. இன்னொருவர் அந்த வீட்டுப் பேத்தி. பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து தாயோடு வருவதாக இருந்தாள்.

வீடு சாணார்பட்டிப் பக்கம். குழந்தை வருவதற்குள் பழைய விறகு பாய்லரைக் கழற்றிவிட்டுப் புது கீசர் மாட்ட வேண்டும். அதுதான் வேலை. பாய்லர் ஏதோ மில் ஏலத்தில் எடுத்தது. ஆள் உயரம் இருந்தது. சூடு தங்குவதற்காக மேலே கனமாக வெள்ளைப் பூச்சு. எங்கள் தொழிலில் அதை லேகிங் என்போம். ஓர் இடத்தில் விரிசல் விட்டு, உள்ளிருந்து பஞ்சு போல நார் தொங்கியது.

எனக்கு ஐ.டி.ஐ. வகுப்பு ஞாபகம் வந்தது. பழைய லேகிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். நுரையீரலில் தங்கிவிட்டால் பல வருஷம் கழித்துக்கூட நோய் வரும்.

அதற்குள் செபஸ்தியான் சம்மட்டியைத் தூக்கிவிட்டார்.

"நகரு அப்பு. ரெண்டு போடு போட்டா பொலபொலன்னு கொட்டிரும். உள்ள அம்புட்டும் செம்பு. வெள்ளை ஒட்டியிருந்தா பாய் ரேட்டக் கொறைச்சிருவாரு."

"ஐயா, செத்த இருங்க. அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்."

காதர் பாய் சிரித்தார். "ஆஸ்பெஸ்டாஸ் கூரையில தான தம்பி இருக்கும்? பாய்லர்ல எப்பக் குடி வந்துச்சு?"

"நிச்சயமாத் தெரியுமா உனக்கு?" என்றார் செபஸ்தியான்.

"தெரியாதுங்கய்யா. டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். ஆனா இல்லைன்னு என்னால சொல்ல முடியல."

அடுப்படியிலிருந்து சேசம்மாள் கரண்டியோடு வந்தார். "ஏங்க, புள்ளைக்குத் தொட்டில் எங்க கட்டப் போறோம்? இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம். என்னன்னே தெரியாததத் தூளாக்கி எம் பேத்தி மூக்குல ஏத்துவீங்களா? சம்மட்டியக் கீழ போடுங்க."

சம்மட்டி கீழே வந்தது. செம்பை விற்று வரும் காசும் அதோடு போயிற்று.

உடைக்காமல், முழுசாக, ஈரமாக, கனத்த பாலிதீனில் சுற்றி எடுக்க வேண்டும் என்றேன். அவ்வளவு கனத்த பாலிதீனுக்கு எங்கே போவது? செபஸ்தியானே வழி சொன்னார். "பண்ணைக்குட்டைக்கு விரிச்ச தார்ப்பாயில மிச்சம் கெடக்கு. மாட்டுக் கொம்பே கிழிக்காது." தோட்டத்துக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த கைத்தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, லேகிங் முழுக்க நனைய அடித்தோம். மாஸ்க் என் பையில் இருந்தது, ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டோம். லேகிங்கைத் தொடாமல், தள்ளியிருந்த யூனியனில், அதாவது மறை போட்ட இணைப்பில், பைப்பைக் கழற்றினேன்.

தார்ப்பாயைச் சுற்றச் சுற்ற பாய்க்கு உற்சாகம் பொங்கியது. "யோவ் செபஸ்தி, பொண்ணுக்குச் சேலை கட்டுற மாதிரியில்ல இருக்கு! கொசுவத்த ஒழுங்கா வையி!"

"ஒம்ம வண்டியிலதான்யா புகுந்த வீடு போகப் போகுது. சும்மா ஏத்திட்டுப் போரும்."

டேப் ஒட்டி, 'ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரிக்காதே' என்று எழுதினேன். சேசம்மாள் விளக்குமாற்றை எடுக்க, கூட்டினால் தூள் பறக்கும் என்று தடுத்தேன். தரையை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கவரில் போட்டுக் கட்டினோம். பாயின் குட்டியானை வண்டியில் ஏற்றி, தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினோம். இந்த மாதிரிக் கழிவை எடுக்க லைசென்ஸ் உள்ள கம்பெனி அப்புறம் வந்து எடுத்துப்போனது.

மறுநாள் கீசர் வெந்நீரில் முகம் துடைத்துவிட்டதும் குழந்தை தெருவே கேட்க அழுதது. "நல்ல நுரையீரலுடா அப்பு!" என்று செபஸ்தியான் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். 'தெரியாது' என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அதைச் சம்மட்டி விழுவதற்கு முன் சொல்லுங்கள்.

செம்பும் போய், கழிவுக் கம்பெனிக்குக் கைக்காசும் போனதில் செபஸ்தியானுக்கு வருத்தமிருக்கும் என்று நினைத்தேன். ஞானஸ்நான விருந்தில் பந்தி பந்தியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பேத்திக்கு நான் செஞ்ச மொதச் செலவு, பதினோராயிரத்து நானூறு ரூவா!"