எடை ஏறிய டப்பா

இரும்பு உருக்கும் ஆலையின் எடைமேடையில் அவருக்குத் தராசு என்று பெயர். நேரில் 'தராசண்ணே', தலை மறைந்ததும் 'சந்தேகப் பிராணி'. இரண்டுமே அவர் காதில் விழுந்திருக்கின்றன. இரண்டாவதைத்தான் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பழைய இரும்பு ஏற்றி வருகிற லாரிக்காரர்கள் சாமானியப்பட்டவர்களா என்ன? இரும்புக்கு அடியில் ஈர மண்ணைக் கொட்டி வருவான் ஒருத்தன். லோடு எடை போடும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து, காலி வண்டியை எடை போடும்போது தொட்டியைத் திறந்துவிட்டிருப்பான் இன்னொருத்தன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு வயசான டிரைவர் 'தம்பி, தம்பி' என்று உருகி, தன் சாப்பாட்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். இவரும் வாங்கித் தின்றுவிட்டு வண்டியைக் குத்திப் பார்க்காமல் விட்டார். அடியில் இரண்டு பீப்பாய் மண். அந்த மண்ணை எல்லார் முன்னாலும் இவர் கையாலேயே அள்ளிக் கொட்ட வைத்தார்கள். சூடு கண்ட பூனை ஆகிவிட்டார். அன்றிலிருந்து எந்த லாரியானாலும் ஏணியில் ஏறி, மேலே நின்று, கம்பியால் குத்திப் பார்த்த பிறகுதான் சீட்டில் முத்திரை.

அதோடு விட்டிருந்தால் புண்ணியம். வீட்டுக்கும் கொண்டு வந்தார். பால் வந்தால் மோந்து பார்ப்பார். அரிசி வந்தால் கையில் அள்ளித் தேய்த்துப் பார்ப்பார். சமையல் மேடையில் ஒரு சின்ன மின் தராசு வைத்திருந்தார். வாங்கி வந்த எதுவும் அதில் ஏறி இறங்காமல் அலமாரிக்குப் போனதில்லை. அவர் மனைவி ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் தலைமைச் சமையல்காரி. தினமும் இருநூறு பேர் அவள் கைச் சாப்பாட்டை மறு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் இருந்த ஒரே ஒரு ஆள் மட்டும் தட்டைக் கிளறிவிட்டு, "இதுல என்ன போட்ட?" என்று கேட்பார். இருபத்தாறு வருஷமாக அதே கேள்வி. அவளும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு நாள் லாரி ஏணியின் பாதியில் அவருடைய கை விட்டுவிட்டது. ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். டிரைவர் ஓடி வந்து இடுப்பு பெல்ட்டைப் பிடித்து மூட்டையை இறக்குவது போல இறக்கினான். சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மேனேஜர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணே, மூணு மாசம் டைம் தரேன். மறுபடியும் ஏறிக் காட்டுங்க. முடியலைன்னா கேட்டுல உட்கார்ந்து நோட்டு எழுதுங்க, அதுவும் வேலைதானே."

கேட்டில் உட்காருவதா? வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு, எவனோ சொன்னதை நம்பிக்கொண்டு? அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சுகர் எல்லையைத் தாண்டியிருந்தது. கையிலும் தொடையிலும் சதை கரைந்திருந்தது. "நாள் முழுக்க நாற்காலி, டீ, பிஸ்கட். அப்புறம் சதை எங்கேருந்து வரும்? வீட்டுலயே உடற்பயிற்சி பண்ணுங்க. ஒவ்வொரு வேளையும் முட்டையோ, பருப்போ, பாலோ, கடலையோ புரதம் இருக்கணும்."

"புரோட்டீன் பவுடர் டாக்டர்?"

"சாப்பாட்டுலயே கிடைக்கும். எடுத்தே ஆகணும்னா நல்லதாப் பார்த்து வாங்குங்க, முக்கியமா சர்க்கரை சேர்க்காததா."

தராசின் காதில் கடைசி வரி மட்டும்தான் ஏறியது. முட்டையை எப்படி நம்புவது, அதன் மேல் எதுவும் எழுதியிருக்கிறதா? பவுடர் டப்பாவில் எழுதியிருந்தது. ஒரு கரண்டி முப்பது கிராம், அதில் புரதம் இருபத்து நாலு கிராம், சர்க்கரை சைபர். மூடியில் முத்திரை, பக்கவாட்டில் மினுமினுக்கும் ஒட்டுத்தாள், சுரண்டிப் பார்க்க ஒரு எண். ஆலைக்கு எதிரே டீக்கடை வாசலில் மேஜை போட்டு விற்றவனை அரை மணி நேரம் குடைந்தெடுத்து, எண்ணைச் சுரண்டி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினார். வீட்டில் தன் கையாலேயே உடைத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு.

"திங்கட்கிழமைலேருந்து ஆரம்பம்" என்று மனைவியிடம் சொன்னார். "இதை யாரும் தொடக் கூடாது."

அவள் டப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

திங்கட்கிழமை ஆரம்பித்தார். ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டிப் பின்னால் சாய்ந்து இழுப்பது. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது. சுவரைத் தள்ளுவது. இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது. கேன்களையும் எடை போட்டார். ஒன்று அறுபது கிராம் அதிகம் இருந்ததால் இரண்டு நாள் அதன் மேல் கோபமாக இருந்தார். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி, தண்ணீரில் கலக்கி மடக் மடக்கென்று குடித்தார். மாவு முதலில் பார்த்ததை விடக் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. சந்தேகம் தலை தூக்கியது. ஆனால் டப்பாவிலேயே 'இயற்கைப் பொருள், நிறம் மாறலாம்' என்று போட்டிருந்தது. அச்சில் இருந்ததால் அடங்கிவிட்டார்.

மேல் மாடியில் மனைவியின் தம்பி குடியிருந்தான். பஸ் கண்டக்டர், விசில் என்றால்தான் தெரியும். தனி ஆள். காலைச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். "மாமா, துண்டு கிழியறதுக்குள்ள கொஞ்சம் விட்டுடுங்க, குளிச்சிட்டுத் துடைக்கணும்ல" என்று தினம் ஒரு கிண்டல். சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடுவான்.

இருபத்திரண்டாம் நாள்தான் பொறி தட்டியது. ஒரு கிலோ டப்பா, தினம் அறுபது கிராம். பதினேழு நாளில் தீர்ந்திருக்க வேண்டும். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே!

அன்றிலிருந்து டப்பா தராசில் ஏறியது. திங்கள், டப்பாவோடு அறுநூற்று நாற்பது. செவ்வாய், ஐந்நூற்று எண்பது. புதன், ஐந்நூற்று இருபது. வியாழக்கிழமை காலை எழுநூற்று அறுபது.

தராசைத் தட்டினார். பேட்டரியை மாற்றினார். எழுநூற்று அறுபதேதான். குறைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஏறியிருக்கிறது ஐயா! இருபத்தெட்டு வருஷத்தில் தானாக எடை ஏறிய சரக்கை அவர் பார்த்ததே இல்லை.

ஏன் ஏறுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லாரிக்காரன் நல்ல சரக்கை வழியில் இறக்கி விற்றுவிட்டு, எடைக்கு மண்ணைக் கொட்டுவான். அள்ளும் அவசரத்தில் கணக்குத் தெரியாமல் கூடக் கொட்டிவிடுவான். இங்கேயும் அதே கதைதான். யாரோ பவுடரைத் தின்றுவிட்டு மாவை நிரப்புகிறான். வீட்டுக்குள் வருகிற வெளியாள் யார்? ஒரே ஒருத்தன்.

பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். விசில் ஆறு மணிக்கு வருகிறான். அப்போது இவர் குளியலறையில். விசிலின் சட்டை தோளில் இறுகியிருக்கிறது. ஒரு நாள் அவன் மீசையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. "முகப் பவுடர் மாமா" என்றான். கேட்காமலே சொன்னானே, ஏன் சொன்னான்? கரண்டியின் முனையால் மாவின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு மூடினார். இரண்டு நாள் இவர் அள்ள அள்ள, மேலே புதிதாகப் போட்ட குறி அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் குறியைக் காணோம். மாவு வழவழவென்று புதிதாக இருந்தது.

இதற்கு நடுவே கை உரமேறியதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதம் நாற்காலியிலிருந்து முப்பது தடவை எழுந்தார். சுகர் இறங்கியிருந்தது, டாக்டர் இரண்டு தடவை தாளைப் பார்த்தார். "எல்லாம் பவுடர் வேலை" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மாவைக் கலந்தும் இவ்வளவு பலன் என்றால், கலக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உள்ளுக்குள் எரிந்தார். கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தார், பிடிக்கத்தான் முடியவில்லை.

ஏணி ஏறிக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின காலை. டப்பாவைத் தூக்கினார். மறுபடியும் கனத்தது. விசில் சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாய்தான் வைத்திருந்தான்.

"கையை நீட்டு."

"எதுக்கு மாமா, ஜோசியமா?" என்று சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினான்.

தராசு அதை மோந்து பார்த்தார். "எத்தனை நாளா நடக்குது?"

"என்ன மாமா?"

"நடிக்காதே. பவுடரைத் தின்னுட்டு மாவைப் போட்டு ரொப்பி வைக்கிறியே, அது எத்தனை நாளா? நாளைக்கு என் பொழைப்பே இருக்கு ஏணியில. அதுல போய் மண்ணைப் போடறியேடா, திருட்டுப் பயலே!"

விசிலின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. அக்காவைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். எழுந்து கையைக் கழுவினான். "பதினோரு வருஷமா இங்க சாப்பிடறேன் மாமா. உங்க எச்சில் டம்ளரைக்கூடத் தொட்டதில்லை" என்றான். கண்டக்டர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

மனைவி அடுப்பை அணைத்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, பரண் மூலையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"போடுங்க எடை."

போட்டார். ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் குறைவு.

"உங்க பவுடர்தான். நீங்க சீல் உடைச்ச அன்னிக்கே எடுத்துட்டேன். குறையுற பத்து கிராம் நான் சோதிச்சுப் பார்த்தது." பையிலிருந்து ஒரு கரண்டி மாவைக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கினாள். காயத்துக்குப் போடும் அயோடின் பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டாள். கிண்ணம் கருநீலமாக மாறியது. "கேண்டீன்ல பாலையும் பன்னீரையும் நாங்க இப்படித்தான் பார்ப்போம். மாவு கலந்திருந்தா நீலமாகும். இதுல கலப்படம்கூட இல்லைங்க, முக்கால்வாசி மாவேதான். வாயில போட்டா இனிக்குது வேற. சுகர் இருக்கற மனுஷனுக்கு!"

தராசு நாற்காலியில் உட்கார்ந்தார். கையை ஊன்றித்தான் உட்கார்ந்தார்.

"அப்போ நான் குடிச்சது?"

"வறுத்த வேர்க்கடலை, சோயா, எள்ளு, பால் பவுடர். கடலை அரைச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். அதான் நாலு நாளுக்கு ஒரு தடவை புதுசா அரைச்சு ரொப்பினேன். எடை எல்லாம் நான் பார்க்கலை."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா குடிச்சிருப்பீங்களா? கடலை எங்க வாங்கின, பூஞ்சை இருந்துச்சா, எவ்வளவு போட்டன்னு குடைஞ்சிருப்பீங்க. அப்புறம் ஓரமா வெச்சுட்டு, அச்சடிச்ச டப்பாவைத் தேடிப் போயிருப்பீங்க." அவள் தம்பியின் தட்டை எடுத்தாள். "இருபத்தாறு வருஷத்துல இந்த மூணு மாசம்தான் நான் குடுத்ததை ஒரு கேள்வி கேட்காம குடிச்சீங்க. அதுவும் வேற எவனோ செஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டு."

தராசுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவள் டப்பாவில் இருந்ததை வேறொரு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். கேண்டீனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

மறுநாள் மேனேஜரும் டிரைவர்களும் சுற்றி நிற்க, தராசு லாரி ஏணியில் ஏறினார். ஒன்பது படி. கை விடவில்லை, கால் நடுங்கவில்லை. மேலே நின்று கம்பியால் மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு இறங்கினார். "அடேயப்பா, என்ன அண்ணே சாப்பிடறீங்க?" என்றான் பெல்ட்டைப் பிடித்து இறக்கிய அதே டிரைவர்.

"என் வீட்டுக்காரி அரைச்சுக் குடுத்தா" என்றார். என்ன போட்டு அரைத்தாள் என்று அவன் கேட்டான். "அதையெல்லாம் நான் கேட்கறதில்லை" என்று சொல்லும்போதே அது பச்சைப் பொய் என்று அவருக்கே உறைத்தது.

மாலையில் வீட்டுக்குள் போகாமல் நேராக மாடிக்குப் போனார். பதினெட்டுப் படி. தண்ணீர் கேன் இல்லாமலே மூச்சு வாங்கியது. கதவைத் தட்டினார். விசில் திறந்தான். யூனிபாரத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான்பா" என்றார். "காலையில வந்து சாப்பிடு. நீ வரலைன்னா உங்க அக்கா என் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டா. நானும் கண்ணாடியில பார்க்க முடியாது."

விசில் கதவை விட்டு விலகி நின்றான். "உள்ளே வாங்க" என்றான். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினான். தராசு கையை நீட்டினார். வழக்கப்படி அவர் மூக்கு டம்ளரை நோக்கிக் குனிந்தது.

"நான் முதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டுமா மாமா?" என்று கேட்டான் விசில். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

தராசு மூக்கை நிமிர்த்தினார். டீ கொதித்தது. நாக்கு வெந்து போனாலும் நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.