கறுப்புக் கோட்டு தேர்ந்தெடுத்த நாய்

தேகு நகரத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே சலவைக்கடை வைத்திருக்கும் தொக்சூவுக்கு ஜென்ம விரோதி ஒன்று உண்டு. முடி. கறை என்றால் மருந்து போட்டு விரட்டிவிடுவார். சுருக்கம் என்றால் நீராவி காட்டினால் அடங்கிவிடும். முடி அப்படியா? ஒட்டும் உருளையை எத்தனை தரம் உருட்டினாலும் எங்கேயோ ஒன்று ஒளிந்திருந்து, வாடிக்கையாளர் வந்த பிறகுதான் தலை காட்டும். அதுவும் கறுப்புக் கோட்டில். சாவு வீட்டுக்குப் போடவென்று ஆளுக்கொரு கறுப்புக் கோட்டு வைத்திருக்கிற ஊரில் பிழைப்பு நடத்துகிறவர் வேறு எதற்குப் பயப்படுவார்?

இப்படிப்பட்ட மனுஷனிடம் போய் ஆறு வயது மகள் சோரின் நாய் வேண்டும் என்று கேட்டாள். கேட்டாள் என்ன கேட்டாள், சாப்பிட மாட்டேன் என்று கிம்ச்சி ஊறுகாயைத் தள்ளிவைத்தாள். அக்காவைப் பார்த்து இரண்டு வயதுத் தம்பி யூலும் தட்டைத் தள்ளினான்.

மனைவி கியோங்ரான் யோசித்துத்தான் பேசினாள். எதிர்வரிசையில் புதுச் சலவைக்கடை வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு வேறு.

"சரி, வாங்குங்க. ஆனா கடைத் துணியில ஒரே ஒரு முடி, ஒண்ணே ஒண்ணு, பார்த்தேன்னு வைங்க, அது யாரோட முடியோ அவங்க அன்னிக்கே வெளியே போகணும். அப்புறம் யாரும் அழக்கூடாது."

"முடியே கொட்டாத நாயா பார்த்துட்டு வரேன், சோரின் அம்மா," என்றார் தொக்சூ, பெரிய நாய் நிபுணர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை, தன் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுடன் நாய்க் காப்பகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்க யாரும் சாகலையே அண்ணே," என்றாள்.

"பரீட்சை வைக்கத்தான்மா போட்டுட்டு வந்தேன்."

பனி கொட்டும் முற்றத்தில் ஒவ்வொரு நாயாகத் தூக்கிக் கோட்டில் தேய்த்தார். பஞ்சுப் பொதி போல ஒரு வெள்ளை நாய். தேய்த்துப் பார்த்தால் ஒரு முடிகூட ஒட்டவில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "இதேதான்," என்றார்.

"அவசரப்படாதீங்க. குளிர்ல எல்லாம் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். உங்க வீட்டுல தரையைச் சூடாக்குவீங்கல்ல? இங்கயும் உள்ள அதே மாதிரி சூடுதான், வந்து கொஞ்சம் உட்காருங்க."

உட்கார்ந்தார். பஞ்சுப் பொதியும் கதகதப்பான தரையில் சுகமாகப் புரண்டு, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. அவ்வளவுதான். கறுப்புக் கோட்டு வெள்ளைக் கோட்டாகிவிட்டது. யூல் கைதட்டிச் சிரித்தான்.

அறை மூலையில் வேறொன்று படுத்திருந்தது. வெள்ளை நிறம், பூடில் என்கிற சுருட்டை முடி நாய் இனத்தின் கலப்பு, குட்டிப் பருவம் தாண்டியது, தாறுமாறாக வெட்டிய தலை. அழகு என்று வாய் தவறியும் சொல்ல முடியாது. யூல் நேரே போய் அதன் காதைப் பிடித்து இழுத்தான். அது கொட்டாவி விட்டுவிட்டு அவன் கையை நக்கியது. தொக்சூ அதை மடியில் போட்டுத் தேய்த்தார், புரட்டினார், மறுபடி தேய்த்தார். கோட்டில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சுருட்டை முடி அவ்வளவா கொட்டாது. உள்ளயே சிக்கிக்கும். தினம் சீவணும், மாசாமாசம் வெட்டணும். சோம்பேறிங்களுக்கு இது ஆகாது அண்ணே."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், தூபு என்கிற சோயாப் பாற்கட்டியின் நிறத்தில் இருந்ததால் சோரின் அதற்குத் தூபு என்றே பேர் வைத்தாள். தொக்சூ தினமும் கடை திறக்குமுன் அதை உட்காரவைத்துச் சீவினார். மனைவிக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாள் தலை வாரிவிட்டிருப்பாரா?

எல்லாம் நன்றாகத்தான் போனது, மாடிவீட்டு பேங் ஐயா வரும் வரை. சாவு வீட்டுக்குக் கிளம்பி வந்தவர், கோட்டை வாங்கியதும் தோளிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தார்.

"எதிர்க்கடைக்காரன் நாய் வளர்க்கல, தெரியுமில்ல?"

சுருட்டை முடி. வெள்ளை. கியோங்ரான் புருஷனைப் பார்த்தாள். சோரின் தூபுவை இறுகக் கட்டிக்கொண்டாள். முடி கொட்டாது என்று வாக்குக் கொடுத்தவரே தொக்சூதானே.

அழுகையை விழுங்கிக்கொண்டு சோரின் கையை நீட்டினாள். "காட்டுங்க தாத்தா." வாங்கி விளக்கில் பிடித்தாள். முடி கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. ஒரு முனை வெள்ளை. மறுமுனை கன்னங்கறுப்பு.

"அம்மா, தூபுவுக்கு யாரும் சாயம் அடிக்கலையே."

கியோங்ரானின் கை தானாகத் தலைக்குப் போனது. போன மாதம்தான் சுருட்டிச் சாயம் போட்ட தலை. பேங் ஐயா இருமுவது போலச் சிரித்தார். தொக்சூ சிரிக்கவில்லை, அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி உண்டு. கோட்டை வாங்கி மறுபடி உருளை போட்டு, குனிந்து வணங்கி அனுப்பிவைத்தார்.

ஆனால் சோரினின் உதடு துடித்தது. "அப்போ அம்மா... நீ வெளியே போகணுமா?"

அப்படியே அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். யூலும் சேர்ந்துகொண்டான். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் கியோங்ரானுக்கு இல்லை. மேலங்கியை மாட்டினாள், தூபுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா, போறேன். இவனும் என்கூட வரான்."

"எங்கேம்மா?"

"முடி வெட்டிக்க. ரெண்டு பேருக்கும்தான் தலை காடா கிடக்கே. சோரின் அப்பா, கடையைப் பார்த்துக்கோங்க. நாளையிலேருந்து தூபுவைச் சீவி முடிச்சதும் அப்படியே எனக்கும் சீவிவிடுங்க."