மூடியில் எழுதிய இடாப்பு

மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் எடித் ரீச்சர் ஒரு பெயரைத் துடைப்பார். "டிலோஜன்!" என்று வகுப்பைப் பார்த்து ஒருதரம். வாசலைப் பார்த்து இன்னொருதரம். மூன்றாம் தரம் யன்னலடிக்குப் போய்க் கடல் பக்கம் திரும்பி, படகில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்கும் பதில் இல்லையென்றால், கரும்பலகையின் மூலையில் எழுதியிருக்கும் பதின்மூன்று பெயர்களில் அந்த ஒன்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவார். துடைக்கிற துணி மேசையில் சும்மா கிடக்கும். எந்த நிறத்தில் சேலை வாங்கினாலும் தலைப்பு வெள்ளைதான்.

"வராத பிள்ளையின்ர பேர் இருக்கப்படாது. இருந்தா நான் பொய் சொன்ன மாதிரி" என்பார்.

அரிப்பு என்ற ஊருக்குத் தெற்கே, மணல் பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். முதலாம், இரண்டாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து எடித் படிப்பிக்கத் தொடங்கி இது பன்னிரண்டாவது வருடம். ஆனால் ஆசிரியர் பட்டியலில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் தொண்டர் ஆசிரியர். என்றாவது நியமனம் கிடைக்கும் என்று சம்பளமில்லாமல் வந்து போகிறவர். பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துச் சீவிக்கிறார். காற்சட்டையில் தையல் பிரிந்தால் வகுப்பிலேயே ஊசியை எடுத்துவிடுவார். பிள்ளை ஒரு காலைக் கதிரையில் தூக்கி வைத்தபடி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்.

நாற்பத்து நான்கு வயது. மெலிந்த உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத தொண்டை. கொப்பியில் பிழை இருந்தால் வட்டம் போடுவார்; குறுக்குக் கோடுகள் போடமாட்டார். முன்பு போட்டவர்தான். ஒருநாள் மதுஷிகா என்ற சிறுமி, கணக்குக் கொப்பியில் விழுந்த ஐந்து குறிகளையும் சிலுவை என்று நினைத்து, ஒவ்வொன்றாக முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். "அண்டையில இருந்து வட்டம். இனி வட்டத்தை என்ன செய்யப் போகினமோ தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மே மாதம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் இந்தப் பக்கக் கடலில் தொழில் இல்லை. வலை, சட்டி பானை, பிள்ளைகள் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் முல்லைத்தீவுப் பக்கக் கடற்கரைக்குப் போய்விடும். அங்கே கொட்டில் போட்டு நாலு மாதம் தொழில் செய்வார்கள். வாடிக்குப் போவது என்று அதைச் சொல்வார்கள். எடித் வந்த முதல் வருடம் வாடியிலிருந்து திரும்பிய பிள்ளைகள், கரும்பலகையில் அவர் எழுதிய 'அம்மா'வை யாரோ எவரோ என்று பார்த்தார்களாம்.

"ஏத்தினதெல்லாத்தையும் வாடியில இறக்கிப்போட்டு வந்திட்டுதுகள். என்ன செய்யிறது? அடுத்த சோளகத்துக்கு நானும் லொறியில ஏறிட்டன்."

அப்படிப் பத்துத் தடவை ஏறினார். வலை காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டி வகுப்பு. கரையில் ஏற்றி வைத்த படகுகளில் எழுதியிருக்கும் பெயர்கள்தான் வாசிப்புப் புத்தகம். உப்புக் காற்றில் கடதாசி நமுத்துக் கிழிந்துவிடும் என்பதால், மீனை ஐஸில் அடுக்கி அனுப்பும், பஞ்சு மாதிரிப் பாரமில்லாத ரெஜிபோம் பெட்டியின் வெள்ளை மூடிதான் வரவு இடாப்பு. படகுக்காரர் வின்சன்ட் சம்மாட்டி கொடுப்பது. அதில் கரித்துண்டால் பிள்ளைகளின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ரீச்சரின் பெயர். "நானும் வந்தனான் எண்டு அதுகளுக்குத் தெரியவேணும்தானே." அங்கும் மூன்று தரம் கூப்பிடுதல்தான், துடைத்தல்தான். அந்த நாலு மாதமும் சேலைத் தலைப்பு கறுப்பு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரை வேண்டாம் என்று சொன்ன மேசையின் ஓரத்தில் நானும் இருந்தேன். போன வருடக் கடைசியில் தொண்டர் ஆசிரியர்களுக்கு நிரந்தர நியமனத்துக்காக நேர்முகம் நடந்தது. ஆவணங்களைச் சரிபார்த்து அதிகாரிகளிடம் நீட்டுகிற எழுதுவினைஞர் நான். தொண்டர்கள் தினமும் ஒப்பம் வைக்கிற புத்தகத்தை விரித்தேன். எடித்தின் பக்கங்களில், முதல் வருடம் தவிர, ஒவ்வொரு வருடமும் மே தொடக்கம் ஆகஸ்ட் வரை ஒன்றுமில்லை.

"இந்த மாதங்களில எங்க போனனீங்கள்?" என்றார் தலைமை அதிகாரி.

"வாடிக்கு, சேர். பிள்ளையளோட."

"ஆர் போகச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல சேர். பிள்ளையள் அங்கதானே நிண்டதுகள்."

பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தார். மூடி. குளிரூட்டிய அறை முழுவதும் மீன் மணந்தது. அதில் இருந்தது கடைசி ஒரு நாளின் வரவு மட்டும். நாளுக்கு நாள் துடைத்துத் துடைத்து எழுதினால் வேறென்ன மிஞ்சும்? "இதை நான் எந்த ஃபைலில போடுறது அம்மா?" என்று அதிகாரி கேட்க, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். பிறகு 'தொடர்ச்சியான சேவைக்குச் சான்று இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். எடித் மூடியைத் திரும்பவும் பேப்பரில் சுற்றிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வரி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ ஆலோசனை. இன்னுமொரு நேர்முகம் வரும், அதுதான் கடைசி. நாற்பத்தைந்து தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. கடைசி ஒரு முழு வருடத்து ஒப்பம் முறியாமல் இருந்தால் நானே கோப்பை முன்னால் வைப்பேன். "இந்த ஒரு சோளகத்துக்கு மட்டும் போகாதையுங்கோ ரீச்சர்."

அதிபர் பாலசிங்கம் முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற நல்ல மனிதர். அவரிடம் இன்னும் சுலபமான வழி இருந்தது. "நீங்கள் வாடிக்குப் போட்டு வாங்கோ. ஒப்பத்தைப் பேந்து ஒரேயடியா வைக்கலாம். ஆர் பாக்கப் போகினம்?"

எடித் கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தார். "வராத நாளுக்கு வந்தனெண்டு எழுதச் சொல்லுறியளோ சேர்?"

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். எடித் வெண்கட்டியைத் திரும்ப எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நிக்கிறன். என்ர பேரும் ஒரு இடாப்பில நிரந்தரமாக் கிடக்கட்டும்" என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த மே மாதம் லொறி வந்த காலையில் நானும் அங்கே நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பதின்மூன்று பிள்ளைகளில் ஒன்பது பேர் வலைக்குவியலுக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எடித் புதிதாகத் தோய்த்த நீலச் சேலை கட்டியிருந்தார். ஒப்பப் புத்தகத்தில் அன்றைய ஒப்பத்தை வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். கொப்பிகளும் பென்சில்களும் போட்ட பையை மதுஷிகாவின் தாய் மாக்கிறட்டிடம் கொடுத்தார்.

"உங்கட பாக் எங்க ரீச்சர்?"

"இந்த முறை நான் வரேல்ல மாக்கிறட். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கமாவது வாசிக்க வையுங்கோ."

மாக்கிறட் பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "எனக்கெங்க ரீச்சர் வாசிக்கத் தெரியும்?"

நான் சொன்ன ஆலோசனையில் மாக்கிறட்டைப் பற்றி ஒன்றுமே இருக்கவில்லை.

லொறியை உறுமவிட்டார்கள். மேலே மதுஷிகா ஒரு வெள்ளை மூடியை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் தாங்களாகவே எழுதிவிட்டார்கள்: கோணல்மாணலாக ஒன்பது பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், எடித் ரீச்சர்.

"எடித் ரீச்சர்!" என்று லொறிக்குள் பார்த்துக் கூப்பிட்டாள் மதுஷிகா.

"எடித் ரீச்சர்!" இது பள்ளிக்கூட வாசலைப் பார்த்து.

மூன்றாவது தரத்துக்கு எழும்பி நின்று, கடல் பக்கம் திரும்பி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். ரீச்சர் லொறியிலிருந்து நாலு அடி தள்ளித்தான் நின்றார்.

எடித் லொறிக்குக் கிட்டப் போய் இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். மதுஷிகா மூடியைக் குனிந்து கொடுத்தாள். அதைச் சக்கரத்துக்கு மேலே சாய்த்து வைத்துக்கொண்டு, நீலச் சேலையின் தலைப்பால் மேலே இருந்த தன் பெயரை மட்டும் துடைத்தார். கரி முழுதாகப் போகவில்லை. தலைப்பை மறுபக்கம் திருப்பி, இன்னொருதரம் அழுத்தித் துடைத்துவிட்டு, மூடியைப் பிள்ளையிடம் நீட்டினார்.