பெங்களூரில் எடுத்த இரண்டு சேலை

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னை எங்கும் அழைத்துப் போனதில்லை. நான் பார்த்த பெரிய ஊர் தளிச் சந்தைதான். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு கார்த்திகை மாதத்தில், மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு வந்து, "நாளைக்குப் பெங்களூர் போலாம், கெளம்பி இரு" என்றார்.

எனக்குச் சட்டென்று சந்தோஷம் வரவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஜவளகிரிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதென்று மாமியார் என் காதில் விழும்படியே பேச ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாதென்று சட்டம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அது எங்கள் ஊர் மேடு ஏறி வந்ததை நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரரோ வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டை. படுத்தபடி யோசித்து நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். இன்னொருத்தியைக் கொண்டுவரப் போகிறவர் இருக்கிறவளுக்கு எதற்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார்? வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார். அதன்பிறகு சந்தோஷம் தாங்கவில்லை.

ஓசூரில் பஸ் ஏறி, காலையிலேயே பெங்களூரில் இறங்கிவிட்டோம். முதலில் திப்புவின் அரண்மனை. எல்லாம் மரத்தூண், எல்லாம் மாடம். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை பெரிய அரமனைக்கு அடுப்படி எங்கீங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். வீட்டில் அவர் சிரித்தால் மாமியார் எட்டிப் பார்ப்பாள். இங்கே பார்க்க யாருமில்லை.

பிறகு ஒரு ஹோட்டலுக்குப் போனோம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாகத் திரை போட்ட அறை இருந்தது. அவருக்கு மசால் தோசை முதலில் வந்துவிட்டது. எனக்கு வரும்வரை அவர் கை வைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆண்கள் களி தின்று எழுந்தபிறகுதான் நாங்கள் சட்டியைப் பார்ப்போம். அவர் சாப்பிடுவதை நான் ஏழு வருஷம் பார்த்திருக்கிறேன். நான் சாப்பிடுவதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். வெட்கத்தில் எனக்கு உருளைக்கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொண்டது. "மெல்லத் தின்னு, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்று தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

பசவனகுடியில் பெரிய எருது கோயில். கடலைக்காய்க் காட்டை மேய்ந்த எருது கல்லாகிப் போன கதையை அவரே சொன்னார். அதனால்தான் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் முதல் கடலைக்காயை அதற்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்களாம். "நம்ம காட்டுல தோண்டித் திங்குதே பன்னி, அது எப்போ கல்லாவும்?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்ல வேண்டும் என்பார்கள். அந்த நந்தியின் காது எனக்கு எங்கே எட்டும்? முன்காலின் குளம்புக்கிட்டக் குனிந்து சொன்னேன். பிள்ளை வேண்டும் என்று கேட்கவில்லை. இந்த மனுஷன் எனக்கு மட்டும் இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன்.

லால்பாக்கில் கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் சிக்குப்பேட்டையில் ஒரு சேலைக் கடைக்குள் நுழைந்தோம். "நீயே பாத்து எடு" என்றார். அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை ஒன்றை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கடைக்காரரிடம், "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் இருக்கும்போது இரண்டாவது கட்டுகிறவன் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சேலை எடுக்க வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு மூத்தவள்தான் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். அப்போதுதான் சம்மதம் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கடையின் கூரையைப் பார்த்தார். மாரியம்மன் கோயிலில் ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். குளிருக்கு அது தலையை உலுக்கும். உலுக்கினால் சம்மதம்.

"அக்கா தங்கச்சிக்கா, தாயி?" என்று கடைக்காரர் நல்ல மனதோடுதான் கேட்டார். "ஆமாங்க, தங்கச்சிக்கு" என்று நான்தான் சொன்னேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ள என்ன நெறம்?" என்று கேட்டேன்.

"செவப்பு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆக, போய்ப் பார்த்தும் வந்தாயிற்று.

பச்சையை மடித்து வைத்துவிட்டேன். சிவப்புத் தோலுக்கு எடுக்கிற கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு எடுக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. எடுக்கிறதை ஒழுங்காக எடுக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டி போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தினார். நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் சாராயக்கடை. அதனால் வருகிற மூட்டையையெல்லாம் அவிழ்த்து மோந்து பார்ப்பார்கள். "ஏய், அவுருய்யா அத்த" என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டே வந்தவர் எங்கள் பையைப் பிரித்தார். ஒரே மாதிரி இரண்டு சேலை. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் என்னை. சேலைகளைத் தன் கையாலேயே மடித்து உள்ளே வைத்து, "வச்சுக்கோங்கம்மா" என்றார். அந்த பஸ்ஸில் அவர் மரியாதை கொடுத்தது எனக்கு மட்டும்தான். அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஓசூர் வரும்வரை அழுதேன். மனுஷன் கோயிலில் வாங்கிய கடலைக்காயை உரித்து உரித்து என் மடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் தொடவில்லை.

தை மாதம் முகூர்த்தம். கத்தரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு தட்டை நான்தான் தூக்கிப் போனேன். அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். என் கறுப்புக்கு அது எடுபடவில்லை. அவளுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. நான் பார்த்து எடுத்ததாயிற்றே.