காற்றுக் கிரகத்துக் கயிறு

இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தை விட்டு நகராமலே இர்மா க்ரெகொரெத்தி அழித்த கிரகங்களுக்குக் கணக்கில்லை. அத்தனையும் சமையலறை மேசையில் நடந்தது. உருளைக்கிழங்குத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தட்டச்சு இயந்திரத்தை முன்னால் இழுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு பேரரசைக் கவிழ்த்துவிடுவாள். பிறகு பாத்திரம் கழுவுவாள்.

மிலான் பதிப்பகம் ஒன்றுக்காக ஆங்கில விண்வெளி நாவல்களை இத்தாலியனில் மொழிபெயர்ப்பது அவள் தொழில். ரயில் நிலையக் கடைகளில் தொங்கும் மலிவுப் பதிப்புகள். எல்லாப் புத்தகமும் ஒரே தடிமன்தான் இருக்க வேண்டும்; அச்சகத்துக்கு அதுதான் வசதி. ஆங்கிலக்காரர்களோ சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். கதாநாயகன் கதவைத் திறக்கவே அரைப் பக்கம் எடுத்துக்கொள்வான். இர்மா கத்தரித்தாள். ஒரு நாவலில் மூன்று சகோதரர்கள் வந்தால் இத்தாலிய வாசகனுக்கு ஒருவர் போதும் என்று முடிவெடுத்து, மற்ற இருவரையும் பிறக்கவே விடவில்லை. யாரும் தேடவில்லை.

அவளுடைய பதிப்பாசிரியர் டாக்டர் பிராம்பத்தி. வைத்தியர் இல்லை, மிலானில் நல்ல கோட்டுப் போட்ட எவரும் டாக்டர்தான். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: வெட்டலாம், ஒட்டக்கூடாது. தூரின் நகரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆர்வக் கோளாறில் ஒரு சூரிய அஸ்தமனத்தைச் சொந்தமாகச் சேர்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேலை வரவே இல்லை.

இர்மா ஒட்டினாள். ஒரே ஒரு தடவை.

ஹாக்ஸ்டெட் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவல் அது. நடுவில் நாலு அத்தியாயம் முழுக்க எரிபொருள் கணக்கும், காதலியை நினைத்துக் கண்ணீரும். மொத்தமாகத் தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, ஒரு பக்கம் கப்பலில் ஏறிய கதாநாயகன் மறுபக்கம் அரண்மனையில் நிற்கிறான். எப்படிப் போனான்? அன்றைக்குப் பார்த்து ஊரில் போரா அடித்தது. மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்று அடித்தால், தெருமுனைகளில் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டிவிடுவார்கள். ரொட்டி வாங்கப் போன இர்மா, கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வீடு திரும்பினாள். தலைமுடி கலைந்தபடியே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள்.

ஓயாமல் காற்று வீசும் துறைமுகக் கிரகம். தெருவெல்லாம் கயிறு. எதிரெதிரே இருவர் சந்தித்தால், முதுகில் காற்று வாங்குகிறவன் கையை விட வேண்டும். அவனைக் காற்றே அடுத்த கம்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முகத்தில் காற்று வாங்குகிறவன் விட்டால், ஏறிய தெருவை மறுபடி ஏற வேண்டியதுதான். இந்த மரியாதைக்கு அந்தக் கிரகத்தில் எதிரிகூட விலக்கில்லை. அவ்வளவுதான் பக்கம். கதாநாயகன் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தான்; புத்தகம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

பல வருஷம் கழித்து, அந்தப் பெரிய அமெரிக்க விண்வெளிப் படம் வந்து உலகத்தை வாரிச் சுருட்டியது. காப்பிக்கடை நடத்தும் தோழி நெரீனாவோடு இர்மா பார்க்கப் போனாள். தியேட்டரே வாயைப் பிளந்து பார்த்தது. இர்மா மட்டும் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைப் பார்த்தவள்போல் ஒவ்வொருவராக அடையாளம் கண்டு பூரித்தாள்.

"இந்தப் பாலைவனக் கிரகத்தை நான் ஏழெட்டு தடவை மொழிபெயர்த்திருக்கேன்டி. கடன்ல முழுகின கப்பல்காரன் வர்றான் பாரு, இவனோட சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் எனக்குப் பழக்கம்."

"அப்போ திருட்டுப் படமா?"

"சீ, இதுக்குப் பேரு திருட்டா? பழைய பத்திரிகைல மக்கிக் கிடந்ததை எடுத்துத் தூசி தட்டி, எவ்வளவு ஜோரா உடுத்தி விட்டிருக்கான் பாரு! எங்க ஆளுங்களுக்கு இந்தக் கால்சட்டைகூட இருந்ததில்லடி."

பின்னாலிருந்து ஒருவர் உஷ்ஷென்றார்.

ரோம் நகரத்துத் தயாரிப்பாளர்களும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் பக்தி பொங்கியது. அடுத்த மாதமே சலவை இயந்திரத்தின் உள்பாகங்கள் எல்லாம் விண்கலமாயின. இயக்குநர் ஸ்பாரிஜா வேறு எவரையும்விட நேர்மையானவர். எல்லோரும் அமெரிக்கப் படத்திலிருந்து எடுத்தார்கள். அவர் மட்டும், அமெரிக்கர்கள் எங்கேயிருந்து எடுத்தார்களோ அங்கேயே போய் எடுப்பது என்று ரயில் நிலையக் கடைக்குப் போனார். பழைய பிரதிகளில் ஒரு கட்டு வாங்கினார். அதில் காற்றுக் கிரகம் இருந்தது.

வருஷா வருஷம் கோடையில் திரியெஸ்தே கோட்டை முற்றத்தில் விண்வெளிப் படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கும். ஸ்பாரிஜாவின் படம் அங்கே வந்தது. கூடவே, "மூலக் கற்பனையின் தந்தை" என்று ஹாக்ஸ்டெட்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். பெருமையில் பங்கு பெற டாக்டர் பிராம்பத்தியும் மிலானிலிருந்து வந்தார். பத்திரிகையாளர் சந்திப்பில் ஹாக்ஸ்டெட் கிழவருக்கு மொழிபெயர்க்க ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? இர்மாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் நேரே நெரீனாவின் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"செத்தேன்டி. அந்த மனுஷன், 'கயிறா? நான் எழுதவே இல்லையே'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பிராம்பத்தி பக்கத்துலயே உக்காந்திருப்பார். என் பொழப்பு அன்னிக்கோட முடிஞ்சுது."

"மொழிபெயர்க்கப் போறவ நீதானே? அவன் என்ன வேணா சொல்லட்டும். நீ வேற சொல்லு."

"பிராம்பத்திக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சா உனக்கு எதுக்குடி வேலை குடுத்தான்?"

இர்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் நெரீனா காப்பியை முன்னால் வைத்துவிட்டு, "அந்தக் கயிறு உன்னோடதுன்னு ஒருத்தனுக்காவது தெரியணும்னு தோணலியா?" என்று கேட்டபோது, அவள் கரண்டியால் வெறுமனே கலக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

கோட்டை முற்றத்தில் படம் ஓடியது. அமெரிக்கப் படத்துக் கறுப்பு முகமூடிக்குத் தூரத்து உறவான ஒரு முகமூடி, ரோமில் செய்த ஒரு ரோபோ, கண்ணாடி இழையில் செய்த பெரிய பல்லி. ஊர்க்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் காற்றுக் கிரகம் வந்தது. பேரரசன் கயிற்றைப் பிடித்து இறங்கி வருகிறான், கதாநாயகன் ஏறுகிறான். காற்று பேரரசனின் முதுகில். முற்றம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. பேரரசன் ஒரு கணம் நின்றான். கையை விட்டான். அங்கி படபடக்கக் காற்றோடு போனான்.

ஊரே எழுந்து நின்று கைதட்டியது. "கொடுங்கோலனா இருந்தாலும் நல்ல குடும்பத்துப் பையன்!" என்று ஒருவர் கத்தினார்.

சலவை இயந்திரத்துக்கும் பல்லிக்கும் நடுவில் தன் பக்கம் அப்படி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இர்மாவுக்குக் கண் கலங்கியது. ஸ்பாரிஜா ஒரு வரிகூட மாற்றவில்லை. நல்ல திருடன்.

மறுநாள் காலை சந்திப்பு. முதலில் ஸ்பாரிஜா பேசினார். "இந்தக் கயிறு மாதிரி ஒரு கற்பனை நம்ம ஆளுங்களுக்கு வரவே வராதுங்க. அதுக்கு ஆங்கிலேய மூளை வேணும்." திரியெஸ்தேக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன வயசிலிருந்தே கயிற்றைப் பிடித்து வளர்ந்தவர்களுக்கு, அது ஆங்கிலேய மூளையில் உதித்தது என்பது புதுச் செய்தி.

ஹாக்ஸ்டெட் இளஞ்சிவப்புக் கன்னமும் வெள்ளை மீசையுமாக உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கும் மேல் நாவல் எழுதியவர். எதையும் திரும்பப் படித்ததில்லை. ஒரு நிருபர் கேட்டார்: "ஐயா, அந்தக் கயிறு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

இர்மா ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. கிழவர் ஒரு கணம் விழித்தார். அந்தக் கணத்தில் இர்மா தன் வாடகை, தட்டச்சு இயந்திரம், இனிமேல் அழிக்க முடியாத கிரகங்கள் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாள்.

"ஓ, கயிறா!" என்றார் ஹாக்ஸ்டெட். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. குளிச்சிட்டிருந்தேன். சட்டுன்னு வந்துது."

பிழைப்பு தப்பியது. ஆனால் இர்மாவுக்கு வந்தது நிம்மதி இல்லை. காது நுனி வரை கோபம். ரொட்டிப் பையோடு கயிற்றில் தொங்கியது யார், வெந்நீர்த் தொட்டியில் கிடந்தது யார்? இருந்தும், "குளிக்கும்போது தோன்றியதாம்" என்று உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தாள். பிராம்பத்தி மகிழ்ந்து குறித்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் நெரீனா எழுந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"ஒரு சந்தேகம். ரெண்டு பேரு எதிரெதிர வந்தா யாரு கையை விடணும்? ஐயா வாயாலயே கேக்கணும்னு ஆசை."

நேற்றுப் படம் ஓடியபோது ஐயா நன்றாகத் தூங்கினார் என்பதை அவள் கவனித்திருந்தாள். இர்மா கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னாள். ஹாக்ஸ்டெட் மீசையைத் தடவினார். "இதுல என்ன சந்தேகம்? பெண்மணிக்கு ஆண் வழிவிடணும்."

அரங்கம் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தது. இதை அப்படியே சொன்னால் போதும். கயிற்றைத் தொட்டே அறியாதவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நெரீனா அவளையே பார்த்தாள். இர்மா தொண்டையைக் கனைத்தாள். இப்போது காற்று அவள் முதுகில். முதுகில் காற்று வாங்குகிறவர்கள்தானே கையை விட வேண்டும்?

"முதுகில் காற்று உள்ளவன்தான் விட வேண்டும் என்கிறார்," என்றாள்.

கைதட்டல் நிற்கவே இல்லை. ஹாக்ஸ்டெட் எழுந்து இரண்டு முறை தலை வணங்கினார்.

வெளியே வந்ததும் நெரீனா பிடித்துக்கொண்டாள். "சண்டை முடிஞ்சப்புறம் ஒன்பது வருஷம் இந்த ஊர்ல இருந்த இங்கிலீஷ் பட்டாளத்துக்குச் சமைச்சவடி நான். அவன் சொன்னது என்ன, நீ சொன்னது என்ன?"

"அவர் ரொம்ப நீளமாப் பேசறவர். கொஞ்சம் வெட்டினேன்."

"வெட்டினியா?"

"ஒட்டினேன். வாயை மூடு."

அடுத்த வருஷம் ஹாக்ஸ்டெட்டின் புது நாவல் தபாலில் வந்தது. காற்றுக் கிரகம் மூன்று அத்தியாயத்துக்கு விரிந்திருந்தது. கையை விடும் முறை உட்பட எல்லாம் சரி. அவர் ஊர் போய்ப் படத்தை விழித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். தெருவிலிருந்து அவள் எடுத்தாள், அவளிடமிருந்து ஸ்பாரிஜா, ஸ்பாரிஜாவிடமிருந்து கிழவர். இர்மா படித்துப் பார்த்தாள். கம்பத்தருகே காத்திருக்கும் ஒரு குருட்டுக் கிழவி புதிதாக வந்திருந்தாள். யார் நடக்கிறார்கள் என்று கயிற்றின் அதிர்விலேயே சொல்லிவிடுவாள். இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

பிராம்பத்தி தொலைபேசியில் அழைத்தார். "சிஞோரா, புஸ்தகம் தடிச்சுப் போச்சு. அந்தக் கயிறு ஏற்கெனவே வந்ததுதானே, அதை எடுத்துருங்க."

"அதுல கையை வைக்க முடியாது டாக்டரே. குளிக்கும்போது தோணினது."

அதற்குப் பதிலாக இறுதிப் போரைத் தூக்கினாள். இரண்டு கப்பற்படைகளும் ஒரு திருமணமும் போயின. இப்போது நடுவில் மறுபடி ஒரு பள்ளம். இர்மா உருளைக்கிழங்குத் தோலை ஒதுக்கிவிட்டுத் தட்டச்சு இயந்திரத்தை இழுத்தாள். ஒரு சின்னக் கிரகம். அங்கே ஒரே ஒரு காப்பிக்கடை; திரியெஸ்தேயில் போலவே ஒவ்வொரு காப்பிக்கும் வெளியூர்க்காரனுக்குப் புரியாத ஒரு பெயர். ஏப்ரன் கட்டிய ஒருத்தி கல்லாவில் நிற்கிறாள். எந்தப் பேரரசன் வந்து நின்றாலும், காப்பியை அந்த ஊர் வழக்குப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரியாவிட்டால் அவனுக்குத் தண்ணீர்தான்.